காற்று திரும்பும் மாதங்கள்

செங்கல்பட்டு வட்டாரத்தில் வானம் நிலைகொள்ளாமல் இருக்கும் பருவம் ஆவணி நடுவில் தொடங்கி மார்கழி முடியும் வரை நீள்கிறது. இந்த நான்கைந்து மாதங்களுக்குள் காற்று மேற்கிலிருந்து வடகிழக்குக்குத் திரும்பிவிடும். மாலையில் பெய்துகொண்டிருந்த மழை விடியற்காலைக்கு மாறும். கரையிலிருந்து கடல் பக்கம் போய்க்கொண்டிருந்த மேகம் கடலிலிருந்து கரைக்கு வரத் தொடங்கும். இடைப்பட்ட வாரங்களில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. காலையில் சுள்ளென்று வெயில், மதியம் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் புழுக்கம், நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து ஐந்தரைக்குள் கொட்டித் தீர்த்துவிட்டு, ஏழு மணிக்கு நட்சத்திரம் தெரியும். 1970, 80களில் வீட்டிலேயே நெல் புழுக்கிக் காயவைத்த குடும்பங்களில், களத்திலோ மொட்டை மாடியிலோ நெல் பரப்பியிருக்கும் நாளில் ஒருவருக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. பெரும்பாலும் அது பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் தலையில் விழும். இந்த ஊர்களில் வளர்ந்த பலர் மேகம் பார்க்கக் கற்றது அப்படித்தான்.

நில அமைப்பும் இந்த மாற்றங்களைப் பார்ப்பதற்குத் தோதானது. செங்கல்பட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் குன்றுகள். ஊரை ஒட்டிக் கொளவாய் ஏரி, தெற்கே பாலாறு. கிழக்கே சாலை வழியாக 14 கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம், அங்கிருந்து ஏறக்குறைய அதே தொலைவில் மாமல்லபுரமும் கடலும். ஒரு பஸ் பயணத்துக்குள் மலை, ஏரி, வயல், கழிமுகம், கடற்கரை எல்லாம் வந்துவிடும். குன்றுகள் எதுவும் மழைமேகத்தைத் தடுத்து நிறுத்தும் உயரம் கொண்டவை அல்ல. வேதகிரீசுவரர் கோயில் இருக்கும் திருக்கழுக்குன்றம் மலையே சுமார் 500 அடிதான். ஆனால் மேகத்தின் உயரத்தைக் கண்ணால் அளக்க அந்த 500 அடி போதும். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் வாசலுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது மலைமேல் கோயில் தெரிகிறதா என்பதைத்தான். தெரியாத நாளில் குடையைத் தேட வேண்டும். பள்ளிக்கு விடுமுறை விட்டார்களா என்று வானொலிக்குப் பக்கத்தில் காத்திருக்கவும் செய்யலாம்.

மலை மறைவதற்கும் மழைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள, மேகம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற மேகம் நீராவி அல்ல, மிகச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம். காற்று சூடாக இருந்தால் அதில் அதிக நீராவி தங்கும். குளிர்ந்தால் தங்கும் அளவு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மிஞ்சியது துளியாக வெளிப்படும். அந்தக் கட்டத்து வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். ஆக, மேகம் உண்டாக வேண்டுமென்றால் காற்று குளிர வேண்டும். அது குளிர்வதற்கு மிகச் சுலபமான வழி மேலே போவது. உயரே போகப் போக அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக் காற்று விரிகிறது. விரியும் காற்று தன் வெப்பத்தையே செலவழித்து விரிவதால் குளிர்ந்துபோகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கை வைக்க முடியாதபடி சுடுவதும், டியூபின் வால்வைத் திறந்துவிட்டால் சீறி வரும் காற்று சில்லென்று இருப்பதும் இதே விதியின் இரண்டு பக்கங்கள்.

மேலெழும் காற்று, அதில் இன்னும் மேகம் உண்டாகாதவரை, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி குளிர்கிறது. ஏறும்போது பனிநிலையும் சற்றுக் குறைவதால், கணக்கைச் சுருக்கி இப்படிச் சொல்வார்கள்: தரையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது கிடைக்கும். புரட்டாசி மதியம் ஒன்றில் வெப்பநிலை 34 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 10. மேகத்தின் அடி சுமார் 1,250 மீட்டரில் தொடங்கும். அந்த நாளில் வானத்தில் மிதக்கும் பஞ்சுபோன்ற திரள் மேகங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்பாகம் ஒரே மட்டத்தில் தட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். எங்கிருந்து கிளம்பிய காற்றானாலும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் துளியாக மாறுகிறது. ஐப்பசியில் இரவெல்லாம் பெய்து ஓய்ந்த விடியற்காலையிலோ வெப்பநிலை 25, பனிநிலை 24. வித்தியாசம் 1 டிகிரி. மேகம் 125 மீட்டரிலேயே தொடங்கிவிடும். திருக்கழுக்குன்றம் மலை சுமார் 150 மீட்டர் என்பதால் உச்சியில் இருக்கும் கோயில் மேகத்துக்குள் போய்விடுகிறது. ஊர்ப் பிள்ளைகள் பார்த்தது காற்றின் ஈரத்தை. மலை அதற்கு அளவுகோலாக இருந்தது.

மலைநகரங்களின் வானிலை வேறு மாதிரித் தோன்றுவதற்கும் விளக்கம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் இருப்பவர்கள் தலைக்கு மேல் 1,200 மீட்டரில் பார்க்கும் மேகத்தின் அடிமட்டம் அந்த ஊருக்குக் கீழே இருக்கிறது. அதனால் மேகம் அங்கே வானத்தில் இருக்கும் பொருள் அல்ல, தெருவில் வரும் பொருள். செங்கல்பட்டுப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து சுற்றுலா போன பிள்ளைகளுக்கு மறக்காமல் நிற்பது ஏரியோ படகோ அல்ல. மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த பஸ் ஏதோ ஒரு வளைவில் வெள்ளைக்குள் நுழைந்ததும், திறந்திருந்த ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்ததும், அதைப் பிடிக்க நீட்டிய கையில் ஒன்றும் சிக்காமல் முடிமேல் மட்டும் பொடிப்பொடியாக நீர் கோத்து நின்றதும்தான். மலையில் இன்னொரு சங்கதியும் உண்டு. சமவெளிக் காற்று வெயிலில் சூடாகித்தான் மேலே போக வேண்டும். மலைச்சரிவில் மோதும் காற்றுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, சரிவே அதை மேலே தள்ளிவிடும். பகல் 11 மணி வரை பளிச்சென்று இருந்த கொடைக்கானல் ஒரு மணிக்குள் மூடிக்கொள்வது இதனால்தான். சரிவு சூடாகிப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலேறி வர அவ்வளவு நேரம் ஆகிறது. அங்கே 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தில், சூரியனைக் காலை வேளையில் படம்பிடிப்பதற்கே முதலிடம்.

நீராவி துளியாக மாறக் குளிர்ச்சி மட்டும் போதாது, ஒட்டிக்கொள்ள ஒரு துகளும் வேண்டும். தூசு, புகை, மகரந்தம் எதுவானாலும் சரி. ஆனால் உப்புத்துகளுக்கு ஈடு கிடையாது, அது ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மாமல்லபுரம் கரையில் அலை உடையும்போது எழும் நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத திவலைகளைக் காற்றில் வீசுகின்றன. நீர் உலர்ந்துவிட, உப்புத்துகள் மட்டும் காற்றோடு உள்நாட்டுக்குப் போகிறது. கடற்கரைக் கோயிலின் சிற்பங்களை முகம் தெரியாமல் அரித்ததும் இந்த உப்புதான். அதைத் தடுக்கக் கோயிலைச் சுற்றிச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். கல்லுக்குத் தீங்கான அதே உப்பு மழைக்கு வித்து. பெரிய உப்புத்துகளின் மேல் உண்டாகும் துளியும் பெரிதாகத் தொடங்குவதால், அது விரைவில் மற்றத் துளிகளை மோதிச் சேர்த்துக்கொண்டு கனத்துவிடும்.

துளிக்கும் தூறலுக்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. ஒரு மேகத்துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். கீழிருந்து வரும் சிறு காற்றே அதைத் தாங்கி நிறுத்திவிடும். ஓட்டுக் கூரையில் சடசடவென்று விழும் மழைத்துளியின் விட்டம் 2 மில்லிமீட்டர். விட்டத்தில் நூறு மடங்கு என்றால் கனஅளவில் பத்து லட்சம் மடங்கு. பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. மூட்டமாகவே இருந்துவிட்டுப் பெய்யாமல் கலைந்துபோகும் நாட்கள் இந்தக் கடற்கரையில் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். மேகம் உண்டாவது எளிது, அது மழையாவதுதான் அரிது.

ஆவணியில் இந்த வட்டாரத்தின் ஆட்சி மேலைக்காற்றிடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் வறண்ட காற்று அது. காலை முழுக்கத் தரையை உலர்த்தி, தூசு கிளப்பி, வேகமாக அடிக்கும். அதற்கு எதிராக நாள்தோறும் கடற்காற்று கிளம்புகிறது. வெயில் ஏறத் தரை கடலைவிட விரைவாகச் சூடாகும். தரைமேல் உள்ள காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேலைக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கரையிலேயே நின்றுவிடும், அல்லது மிகவும் தாமதித்து நுழையும். அப்படிப்பட்ட நாளில் செங்கல்பட்டு கொதிக்கும். மேலைக்காற்று தளர்ந்திருந்தால் நண்பகலில் மாமல்லபுரத்தில் நுழைந்த கடற்காற்று பிற்பகலில் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை வந்துவிடும். வந்தது உடம்புக்கே தெரியும். வேர்வை காயும், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், வெப்பம் சில நிமிடங்களில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். இந்தக் கடற்காற்று நிலத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு உயரம் வரை இருக்கிறது என்பது கல்பாக்கம் அணு ஆராய்ச்சி வளாகத்தில் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. அணுமின் நிலையத்தைச் சுற்றிக் காற்று எப்படிப் பரவும் என்பதை அறிய அது அவசியம்.

இரண்டு காற்றும் சந்திக்கும் கோட்டில் காற்றுக்குப் போக வேறு வழியில்லை, மேலேதான் போக வேண்டும். திரள் மேகங்கள் அந்தக் கோட்டின் மேல் வரிசையாக எழும்பும். 1990கள் வரை திருக்கழுக்குன்றம் மலைக்கு உச்சிவேளையில் உணவு கொத்த வந்த கழுகுகளைப் பார்த்தவர்கள், அவை இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டே இறங்கியதையும் ஏறியதையும் சொல்வார்கள். அவற்றைத் தாங்கியதும் இப்படி மேலெழும் சூடான காற்றுதான். இப்போது அந்தக் கழுகுகள் வருவதில்லை, பருந்துகள் வட்டமிடுகின்றன. பருந்து உயர்ந்துகொண்டே போகும் இடத்துக்கு நேர் மேலே, வானத்தில் ஒன்றுமே இல்லாத நீலத்தில், முதலில் ஒரு புகைக்கீற்று மாதிரித் தோன்றும். நாலைந்து நிமிடத்தில் அது கையளவு வெள்ளையாகும். உற்றுப் பார்த்தால் விளிம்பு நிலையாக இருக்காது; ஒரு பக்கம் பொங்கிக்கொண்டே, மறுபக்கம் உலர்ந்த காற்றில் கரைந்துகொண்டே இருக்கும். பொங்கும் வேகம் கரையும் வேகத்தைவிட அதிகமானால் மேகம் பிழைக்கும். துளி உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம் அதற்கு உதவுகிறது: ஒரு கிராம் நீராவி நீரானால் சுமார் 600 கலோரி வெப்பம் விடுபடும். அந்த வெப்பம் மேகத்துக்குள் இருக்கும் காற்றை இன்னும் மேலே தள்ளும். 5 கிலோமீட்டருக்கு மேல் துளிகள் உறையத் தொடங்கும். சில மாலைகளில் மேகத்தின் உச்சி 15 கிலோமீட்டர் வரை போய், அதற்கு மேல் ஏற முடியாமல் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். அதுதான் இடியும் மின்னலும் தரும் கார்திரள் மேகம்.

செங்கல்பட்டில் புரட்டாசி மாலை மழையின் பெரும்பங்கு வேறிடத்தில் பிறந்து வருவது. மேற்கே சுமார் 1,000 மீட்டர் உயரமுள்ள ஜவ்வாது மலையின் மேலும் அதைச் சுற்றியும் பிற்பகலில் எழும் இடிமேகங்கள், மேல்மட்டத்து மேலைக்காற்றில் கிழக்கே நகர்ந்து, காஞ்சிபுரத்தைக் கடந்து இரவுக்குள் செங்கல்பட்டை அடைகின்றன. இந்த ஊரின் மழைக்கும் ஒரு மலைக்கும் உள்ள நேரடி உறவு இதுதான். சென்னையில் வேலை முடித்து மின்சார ரயிலில் திரும்புபவர்கள் செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் இறங்கியதும் மேற்குப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சத்தமில்லாத மின்னல் அடிவானத்தை விட்டுவிட்டு வெளிச்சமாக்கிக்கொண்டிருந்தால் வீடு போய்ச் சேர நேரம் இருக்கிறது. இடி கேட்கத் தொடங்கிவிட்டால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவார்கள். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர். பிறகு காற்று சட்டென்று நிற்கும். தெருவில் மாடு கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்கும். அடுத்த நிமிடம் மேற்கிலிருந்து ஜில்லென்ற காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து மோதும். மேகத்துக்குள் மழையோடு சேர்ந்து கீழே விழுந்த குளிர்ந்த காற்று தரையில் பட்டு முன்னோக்கிப் பரவுவதுதான் அது. அதன் பின்னாலேயே ஒன்றிரண்டாகப் பெருந்துளிகள், புழுதியில் விழும் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் அகலத்துக்கு அடையாளம் விடும். மண்வாசனை எழும். கரண்ட் போகும். அரைமணி, முக்கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, மேகம் மாமல்லபுரம் பக்கம் போய்க் கடலுக்கு மேல் மின்னிக்கொண்டிருக்கும்.

புரட்டாசி முடியும் தறுவாயில் இந்த நாடகம் தளர்கிறது. மேலைக்காற்று ஓய்ந்துவிடும், வாடை இன்னும் வந்திருக்காது. நாட்களில் மிகக் கடினமானவை இவைதான். இலை அசையாது. கடலும் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். துணி காயாது, உப்பு கசியும், தீப்பெட்டி பற்றாது. மாமல்லபுரத்தில் மீனவர் குப்பத்துப் பெரியவர்கள் அப்போது காற்றைத்தான் பேசுவார்கள். கச்சான் விட்டுப்போச்சு, கொண்டல் தட்டுது, இன்னும் வாடை கட்டல என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் தனிப்பெயர் உண்டு. கடற்கரைக்கு வந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் எப்போது மழை வரும் என்று கேட்டதற்கு, வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னது அந்தப் பையனுக்கு வயதான பிறகும் மறக்கவில்லை: “மேக்கால பாத்தது போதும் தம்பி. இனிமே மழ ஈசான மூலையிலேர்ந்துதான் வரும். வாடை கட்டட்டும், அப்புறம் சொல்றேன்.”

வானிலைத் துறையின் இலக்கணமும் அந்தப் பெரியவர் சொன்னதிலிருந்து வெகுதூரம் இல்லை. தென்மேற்குப் பருவமழை தெற்குப் பகுதிவரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கடற்கரையில் கிழக்குத் திசைக் காற்று நிலைத்திருக்க வேண்டும். அந்தக் காற்று சுமார் 1.5 கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும். மழை பரவலாகப் பெய்ய வேண்டும். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிப்பார்கள். வழக்கமான தேதி அக்டோபர் 20. சில ஆண்டுகளில் நவம்பருக்குத் தள்ளிப்போகும். சென்னைத் துறைமுகத்தில் 2002இல் டாப்ளர் ரேடார் வந்த பிறகு, கடலுக்கு மேல் திரளும் மேகத்தைக் கரைக்கு வருவதற்கு முன்பே பார்க்க முடிகிறது. அதற்கு முன்னால் செங்கல்பட்டுக்காரர்களுக்கு ஆகாசவாணியின் வானிலை அறிக்கையும் ஈசான மூலையும்தான்.

வாடை கட்டியதும் மழையின் குணமே மாறிவிடுகிறது. மேகம் இப்போது கடலில் பிறக்கிறது. வங்கக்கடலின் மேற்பரப்பு இந்த மாதங்களில் 28 டிகிரியை ஒட்டி இருக்கும்; அதன் மேல் வரும் வடகிழக்குக் காற்று ஈரத்தை நிறையச் சுமந்து வரும். இரவில் தரை குளிர்வதால் நிலக்காற்று கடலை நோக்கி மெல்ல வீசும். கரைக்குச் சற்று அப்பால் அது வாடையோடு மோதுகிறது. மோதும் இடத்தில் மேகம். ஆகையால்தான் ஐப்பசியில் மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வருகிறது, கரையில் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் பெய்கிறது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையின் நடுப்பிளவில் தண்ணீர் வழிய, திருக்கழுக்குன்றத்தில் தூறலாக இருக்க, செங்கல்பட்டில் வெயில் அடிப்பது இந்த மாதத்தில் வெகு சாதாரணம். காலை முதல் பஸ்ஸில் மாமல்லபுரத்திலிருந்து வருபவர்கள் நனைந்த குடையோடு இறங்கினால், செங்கல்பட்டுக் கடைக்காரர்கள் வெளியே அடுக்கியிருக்கும் சாமான்களை உள்ளே இழுத்துவைப்பார்கள். பருவம் முன்னேற முன்னேற இடி குறையும். ஐப்பசித் தொடக்கத்தில் அதிரும் வானம், கார்த்திகையில் சத்தமே இல்லாமல் இரண்டு நாள் பெய்யும். மேகங்கள் அவ்வளவு உயரம் போவதில்லை. உறைநிலையை அதிகம் தாண்டாமலே, உப்புத்துகளின் உதவியால் கொட்டிவிடுகின்றன.

மழை அளக்கும் வேலை மிக அமைதியானது. தாலுகா அலுவலக வளாகத்தில், மரமோ சுவரோ நிழல் தராத இடத்தில் மழைமானி இருக்கும். காலை 8.30க்கு ஊழியர் வந்து, புனலுக்கு அடியில் தேங்கிய நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நடு வளைவின் அடிமட்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். முந்தின நாள் 8.30 முதல் அன்று 8.30 வரை பெய்த மழை அது. நாளிதழில் வரும் மழை அளவு ஒவ்வொன்றும் இந்த நேரக் கணக்குப்படிதான். சென்னையில் 1792இல் கட்டப்பட்ட நுங்கம்பாக்கம் ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்கிய பழக்கம், இன்று தானியங்கிக் கருவிகளோடு சேர்ந்து தொடர்கிறது. 2015 டிசம்பர் 2 காலை அந்தக் குவளைகள் கொள்ளவில்லை. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். புயல் எதுவும் கரையைக் கடக்காமலேயே, கடலிலிருந்து வந்த ஈரக்காற்று ஒரே இடத்தில் குவிந்து நின்றதால் பெய்த மழை அது.

புயல்களின் பாதையிலும் இந்தக் கரை இருக்கிறது. 2012 அக்டோபர் 31 மாலை நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் ஏறக்குறைய அதே இடத்தில் கடந்தது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகக் காற்று, இடையிடையே 85. புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் இடதுகைப் பக்கம் இருக்கும். பலமான வாடை அடிக்கும்போது தெற்கே பார்த்து நிற்பவருக்கு இடதுகை கிழக்கு. புயல் இன்னும் கடலில் இருக்கிறது என்று பொருள். அது கரையேறி மேற்கே போய்விட்டால் காற்று தெற்கிலிருந்து வரும். மீனவர்கள் இதைச் சூத்திரமாகப் படித்தவர்கள் அல்ல. ஆனால் வாடை தெற்காகத் திரும்பும் வரை படகைக் கரையேற்றிக் கட்டிய கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள்.

இவ்வளவு மழையும் எங்கே போகிறது என்பதற்கு மாவட்டம் முழுவதும் பரவிக் கிடக்கும் ஏரிகளே பதில். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் மூன்றே மாதத்தில் கொட்டிவிடும் நாட்டில், அதைப் பிடித்துவைக்காமல் விவசாயம் இல்லை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு நீர் போகும்படி முன்னோர்கள் சங்கிலியாகக் கட்டினார்கள். மதுராந்தகம் ஏரிக்கரைக் கோயிலில் இருப்பவர் ஏரிகாத்த ராமர். 1790களில் இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அடைமழை இரவில் ஏரிக்கரை உடையுமோ என்று பார்க்கப் போனபோது, ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரைமேல் காவல் நிற்கக் கண்டதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. ஏரி கலங்கல் போகும் இரவின் அச்சத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கதையின் அருமை தெரியும். இன்று கலங்கலுக்குக் கீழே கால்வாய் இருந்த இடங்களில் மனைப்பிரிவுகள் வந்திருக்கின்றன. மேகம் பழைய விதிப்படிதான் பெய்கிறது, நீருக்குத்தான் வழி இல்லை. இது வானிலையின் குற்றமல்ல.

மார்கழியில் வாடை இளைக்கும், வானம் தெளியும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு விரைவாகக் குளிரும். ஈரமான வயலும் நிறைந்த ஏரியும் அருகில் இருப்பதால், தரையை ஒட்டிய காற்று மேலே போகாமலேயே பனிநிலையைத் தொட்டுவிடும். அப்போது மேகத்தின் அடிமட்டம் தரைதான். பரனூர்ப் பக்கம் கொளவாய் ஏரியின் மேலும் ரயில்பாதையின் மேலும் அடர்ந்து கிடக்கும் மூடுபனி, கொடைக்கானலில் பஸ்ஸுக்குள் வந்த மேகத்திலிருந்து பொருளால் வேறானதல்ல. உண்டான விதம் மட்டும் வேறு. போகி அன்று விடியற்காலையில் பழைய பொருட்களை எரிக்கும் புகை சேரும்போது துளி ஒட்டிக்கொள்ளத் துகள்கள் பெருகி, மூட்டம் இன்னும் அடர்த்தியாகும். வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் கலையும்.

வெயில் ஏறித் தரை சூடானதும், பெரும்பாலும் எட்டு, எட்டரை மணிக்குள், மூடுபனி விலகிவிடும். தை பிறக்கும் நாட்களில் விடியலில் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி எடுப்பவர்கள் முகப்பு விளக்கைத் தாழ்த்தியே ஓட்ட வேண்டும். உயர்த்திப் பாய்ச்சும் ஒளி துளிகளில் சிதறி ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே இருப்பது தெரியாது. அவசரமில்லாதவர்கள் எட்டரைக்குப் பிறகு கிளம்பலாம்.